பனம்பழம் விழுற நேரம் பார்த்துப் பறக்கணும், மாப்ளே

மாப்ளே, அமெரிக்காவுல ஏதோ பேஸ்பால் டீம்ல கோச்சு வேலைக்கு மனு போட்டிருக்கியாமே. உங்கம்மா போன் பண்ணிச் சொன்னா. 'மட்டையப் பிடிக்கவே தெரியாத பய, கோடீஸ்வரப் பயலுவளுக்கு எப்படிண்ணே பாடம் சொல்லுவான்'னு ஒரே புலம்பல். நான் சொல்லிட்டேன்: 'தாயி, அங்க இப்ப அப்படித்தான் ஆளு எடுக்கான். ராபர்ட் வான் ஸ்காயக்னு ஒரு பய, தொழில்முறை ஆட்டம் ஒண்ணுகூட ஆடினதில்ல. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 2019 சீசனுக்கு அவனையே ஹிட்டிங் கோச்சாப் போட்டுக்கிடுச்சு. உம்மவனுக்குக் கம்ப்யூட்டர்ல கணக்குப் பாக்கத் தெரியும். அங்க அது போதும்.' கேட்டுட்டுச் சமாதானமாத்தான் போன வச்சா. எனக்குத்தான் சமாதானம் இல்ல.

வேலை கிடைக்காதோன்னு கவலை இல்ல. கிடைச்சதும் உனக்குத் தலைக்கனம் ஏறிருமோன்னுதான். உன் வீட்டுச் சோபாவுல ஒரு கோடை பூரா உக்காந்து அந்த ஆட்டத்தப் பாத்தவன் நான். சீசனுக்கு 162 ஆட்டம். அடிக்கிறவன் அடிக்கான், எறியுறவன் எறியுதான். கோச்சுமாரு டக்அவுட்ல நின்னு சூரியகாந்தி விதையக் கொறிச்சுக் கொறிச்சுத் துப்புதாங்க. இவங்களுக்கு எதுக்குச் சம்பளம்னு அன்னையிலேருந்து விசாரிச்சு வாசிச்சுச் சேத்து வச்ச புத்தி இது. ஓசியிலதான் தாரேன், வாங்கிக்க.

முதல்ல, சேருற நேரம் பாத்துச் சேரு. ஜெயிக்கிற டீம் பக்கம் தலைவச்சுப் படுக்காத. போன வருஷம் நாறிப் போன டீமாப் பாரு.

டெட் வில்லியம்ஸத் தெரியும்லா? 1941-ல .406 அடிச்ச மகராசன், அதாவது நூறு தடவ மட்டையத் தூக்கினா நாப்பது ஹிட்டுக்கு மேல. அதுக்கப்புறம் அமெரிக்கன் லீக்லயும் நேஷனல் லீக்லயும் சீசன் பூரா .400 அடிச்ச ஆளு இன்னைக்கு வரைக்கும் கிடையாது. அவர 1969-ல வாஷிங்டன் செனட்டர்ஸுக்கு மேனேஜராக் கூட்டிட்டு வந்தாங்க. முந்தின வருஷம் 65 ஆட்டம் ஜெயிச்சு 96 தோத்த டீமு. அவர் வந்த வருஷம் 86 ஜெயிப்பு, 76 தோப்பு. வருஷத்தோட சிறந்த மேனேஜர்னு பட்டமும் கட்டியாச்சு. பேட்டிங் கடவுள் வந்தாரு, பேட்டர்களுக்குக் கண்ணு திறந்துச்சுன்னு ஊரே பேச்சு.

இதுல ஒரு சின்ன விவகாரம் இருக்கு. 1968-ல பந்து எறியுற பிட்சர்களோட அட்டகாசம் தாங்கல. பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா 1.12 ரன்தான் குடுத்தான். அமெரிக்கன் லீக்ல பேட்டிங்ல முதலாவதா வந்தவனோட சராசரியே .301தான். இப்படியே போனா ஆட்டம் பாக்க ஒரு ஈ காக்கா வராதுன்னு பயந்து, பிட்சர் ஏறி நிக்கிற மேட்ட 15 அங்குலத்துலேருந்து 10 அங்குலமா வெட்டிட்டாங்க. ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கிட்டாங்க. 1969-ல எல்லா ஊர்லயும் ரன் கூடிச்சு. மண்வெட்டி பிடிச்ச ஆளுக்கு யாரும் பட்டம் குடுக்கல.

அதுக்காக டெட்டுக்குப் பங்கே இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். ஃபிராங்க் ஹோவர்ட்னு ஆறடி ஏழு அங்குல மலை ஒண்ணு அந்த டீம்ல இருந்துச்சு. வாரதையெல்லாம் வீசுவான். நாலு கெட்ட பந்த விட்டுட்டுச் சும்மா நின்னா முதல் பேஸுக்கு ஓசியில நடந்து போலாம்லா, அத அவன் மண்டையில ஏத்தினது டெட்தான். 1968-ல 54 தடவ நடந்தவன் 1969-ல 102 தடவ நடந்தான். மேட்ட வெட்டினது கொஞ்சம் கை குடுத்திருக்கும், ரெட்டிப்பாக்கிருக்காது. எட் பிரிங்க்மேன்னு ஒரு ஷார்ட்ஸ்டாப், .187-லேருந்து .266-க்கு ஏறினான். இது கோச்சு பண்ணின வேலைதான், ஒத்துக்கிடுதேன்.

பொறவு என்ன ஆச்சு? அதே டெட், அதே வாய், அதே புத்தி. 1970-ல 92 தோல்வி. 1971-ல 96. டீம் டெக்சாஸுக்குக் குடிபோன 1972-ல 100. பட்டம் வாங்கின கையோட ராஜினாமாக் கடுதாசி எழுதிருந்தா, இன்னைக்கு அவருக்குக் கோச்சுமாருக்கே குருன்னு செலை வச்சிருப்பாங்க. மாப்ளே, வாரத விடப் போற நேரந்தான் முக்கியம்.

இதுல கணக்கும் இருக்கு. நீயே போட்டுப் பாரு. .270 அடிக்கிற தரமுள்ள ஒரு பேட்டர் சீசனுக்கு 500 தடவ மட்டையத் தூக்குதான்னு வை. 135 ஹிட்டு வரணும். ஆனா அதே ஆளு, அதே கை, அதே கண்ணு, வெறும் அதிர்ஷ்டத்துலயே 125-க்கும் 145-க்கும் நடுவுல அலைவான். .250-லேருந்து .290 வரைக்கும். மூணு வருஷத்துல ஒரு வருஷம் அந்த எல்லையையும் தாண்டிப் போயிருவான். .250 அடிச்சா 'இவன் முடிஞ்சான்'னு பேசுதாங்க, .290 அடிச்சாச் சம்பளத்தக் கூட்டுதாங்க. நடுவுல இருக்கிற வித்தியாசம் ஆறு மாசத்துக்கு 20 ஹிட்டு. வாரத்துக்கு ஒண்ணுகூடத் தேறாது. பந்து புல்லுல நாலடி தள்ளி விழுந்தா ஹிட்டு, பீல்டர் கைக்குள்ள விழுந்தா அவுட்டு.

இப்ப சொல்லு, ஹிட்டிங் கோச்ச எப்ப மாத்துதாங்க? எல்லாரும் .250-ல கிடக்கும்போதுதான். புதுசா வாரவன் வாயத் திறக்காம மூலையில நின்னாலும், துரதிர்ஷ்டத்துல கிடந்தவன்ல பாதிப் பேரு தானா .270-க்கு ஏறத்தான் செய்வான். காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஊரு காக்காயக் கும்பிடும். நீ காக்காயா இருக்கப் போற. அதுனால பழம் எப்பப் பழுக்குன்னு கம்ப்யூட்டர்ல பாத்து வச்சுக்கிட்டுப் போய் உக்காரு. உன் படிப்புக்கு இதுதான் நல்ல உபயோகம்.

திட்டுற கோச்சா, தட்டிக் குடுக்கிற கோச்சான்னு அப்புறம் முடிவு பண்ணிக்க. டேனியல் கானமன்னு ஒருத்தரு, 2002-ல பொருளாதார நோபல் வாங்கினவரு. இஸ்ரேல் விமானப்படையில பயிற்சி குடுக்கிறவங்க அவர்ட்ட சண்டைக்கு வந்தாங்களாம்: 'நல்லா ஓட்டினவனப் புகழ்ந்தா அடுத்த தடவ சொதப்புதான், கெடுத்தவனத் திட்டினா அடுத்த தடவ ஒழுங்கா ஓட்டுதான், அதனால திட்டுதான் மருந்து'ன்னு. அவர் சொன்னது: ரொம்ப நல்லா ஓட்டினவன் அடுத்தாப்ல சுமாராத்தான் ஓட்டுவான், ரொம்பக் கெடுத்தவன் அடுத்தாப்ல சுமாராத்தான் ஓட்டுவான், உங்க வாய்க்கு இதுல வேலையே இல்ல. உங்கப்பாட்டயும் இதச் சொல்லு. உன் கணக்குப் பரீட்சை மார்க்கெல்லாம் பெல்ட்டால வந்ததுன்னு இன்னமும் நம்பிக்கிட்டிருக்காரு.

அடுத்தது, யாரு பக்கத்துல நிக்கங்கிறது. லியோ மசோனிய எடுத்துக்க. அட்லான்டா பிரேவ்ஸோட பிட்ச்சிங் கோச்சு, 1990-லேருந்து 2005 வரைக்கும். டக்அவுட் பெஞ்சுல உக்காந்து முன்னயும் பின்னயும் ஆடிக்கிட்டே இருப்பாரு. அவர் ஆட ஆட எதிராளி ஆட்டம் அடங்கிப் போகும். அவர்ட்ட இருந்தது யாருன்னு நினைக்க? கிரெக் மேடக்ஸ், டாம் கிளாவின், ஜான் ஸ்மோல்ட்ஸ். மூணு பேரும் இன்னைக்கு ஹால் ஆஃப் ஃபேம்ல. 'மூணு சிங்கத்த வச்சுக்கிட்டு நானும் சர்க்கஸ் நடத்துவேன்'னு நீ சொல்லுவ. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ஜே.சி. பிராட்பரின்னு ஒரு பொருளாதார வாத்தியாரு அத நம்பாமக் கணக்குப் போட்டுப் பாத்தாரு. ஒரே பிட்சர் மசோனிட்ட இருந்தப்ப எப்படி எறிஞ்சான், மத்த ஊர்ல இருந்தப்ப எப்படி எறிஞ்சான்னு. ஒன்பது இன்னிங்ஸுக்கு அரை ரன்னுக்கு மேல வித்தியாசம் வந்துச்சு. சிங்கத்துக்கு மட்டுமில்ல, வந்து போன பூனைக்குட்டிக்கும். மசோனி பண்ணின வித்தை ரொம்பச் சாதாரணம். ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல மத்த டீமெல்லாம் பிட்சர ஒரு தடவ எறிய விட்டா, இவரு ரெண்டு தடவ லேசா எறியச் சொல்லுவாரு. பேட்டரோட வெளிப்பக்கம், தாழ, திரும்பத் திரும்ப அங்கேயே போடுன்னுவாரு. இத அவருக்குச் சொல்லிக் குடுத்தது ஜானி செய்ன்னு ஒரு கிழவரு. பிட்சர ஓட விட்டு மூச்சு வாங்க வைக்கிறது வீண், எறியுறவன் எறியணும்னு சொன்னவரு. செய்ன் கைக்குள்ள வந்த பிட்சரெல்லாம் 20 ஆட்டம் ஜெயிச்சான், மேனேஜரோட ஒத்துப் போகாம செய்ன் மட்டும் ஊரு ஊரா வேலை மாறினாரு. யாங்கீஸ், ட்வின்ஸ், டைகர்ஸ், வொயிட் சாக்ஸ். நல்ல கோச்சுக்குக் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்னு குறிச்சு வச்சுக்க.

அப்ப மசோனி மந்திரவாதின்னே வச்சுக்கிடலாமா? 2006-ல சின்ன வயசுச் சிநேகிதன் சாம் பெர்லோசோ மேனேஜரா இருக்கான்னு பால்டிமோர் ஓரியோல்ஸுக்குப் போனாரு. அதே பெஞ்சு, அதே ஆட்டம். ரெண்டு வருஷமும் டீமோட ஈஆர்ஏ, அதான் ஒன்பது இன்னிங்ஸுக்குக் குடுக்கிற ரன் சராசரி, 5-க்கு மேல. 2007 முடிஞ்சதும் அனுப்பி வச்சுட்டாங்க. மேடக்ஸ் இல்லாத ஊர்ல மசோனிக்கும் மழை பெய்யல. அரை ரன்னு நிஜந்தான். அரை ரன்னக் குறைச்சு நாலரைய நாலாக்கலாம், ஆறரைய நாலாக்க முடியாது.

ஹிட்டிங் கோச்சு சார்லி லாவ் கதை வேற மாதிரி. ஆடின காலத்துல .255 அடிச்ச சாதாரண கேட்சர். ஜார்ஜ் பிரெட் பொடிப்பயலாத் தடுமாறினப்பக் கைதூக்கி விட்டவர் இவர்தான்னு பிரெட்டே காலம் பூராச் சொன்னாரு. ஆனா பிரெட் .390 அடிச்ச 1980-ல லாவ் பக்கத்துல இல்ல. யாங்கீஸுக்குப் போயிட்டாரு. பாடம் மனசுல தங்கிருந்தா கோச்சு ஊர்ல இருக்கணும்னு அவசியமில்லன்னும் சொல்லலாம், கோச்சு போனப்பொறவுதான் பய நிம்மதியா அடிச்சான்னும் சொல்லலாம். ரெண்டுல எது உனக்கு ஆதாயமோ அத நேர்காணல்ல சொல்லு.

இப்பக் கேக்கப் போறதச் சோறு தின்னுக்கிட்டுக் கேக்காத, புரையேறும். 2021, ஏப்ரல் கடைசி. நியூயார்க் மெட்ஸுக்கு அடியே விழல. ஒரு ராத்திரி ஜெயிச்சாங்க. அவங்க பேட்டர் பீட் அலோன்சோ நிருபர்கள்ட்ட, டானின்னு ஒரு புதுக் கோச்சு வந்திருக்காரு, எங்க மனசத் தெளிய வச்சது அவர்தான்னு முகத்துல சிரிப்பே இல்லாமச் சொன்னான். டானி ஸ்டீவன்சனாம். நிருபர்மாரு விழுந்தடிச்சுக்கிட்டுத் தேடினாங்க. அப்படி ஒரு ஆளே பூமியில கிடையாது. ஆட்டக்காரப் பயலுவளாக் கட்டிவிட்ட கதை. விசிறிகள் டானி பேர்ல பனியன் போட ஆரம்பிச்சாங்க. ரெண்டு மூணு நாள்தான். மே 3-ம் தேதி செயின்ட் லூயிஸ்ல ஆட்டம் முடிஞ்ச ராத்திரி, மெட்ஸ் தன்னோட நிஜ ஹிட்டிங் கோச்சு சில்லி டேவிஸ வீட்டுக்கு அனுப்பிச்சு. ஆடின காலத்துல 350 ஹோம் ரன் அடிச்ச மனுசன். இல்லாத கோச்சுக்குப் பேரு, இருந்த கோச்சுக்குச் சீட்டுக் கிழிப்பு.

அதுக்கு முந்தின வருஷம் நடந்தது இன்னும் விசேஷம். 2020, கொரோனாச் சீசன், 60 ஆட்டம். டேவிஸ் உடம்பப் பாத்துக்கிட்டு வீட்டுலேருந்தே வீடியோவுல பாடம் சொன்னாரு. அந்த வருஷம் மெட்ஸ் அடிச்சது .272, மேஜர் லீக்லயே அதுதான் முதலாவது. மறு வருஷம் நேர்ல வந்தாரு, ஒரு மாசத்துல வேலை போச்சு. வேலை கிடைச்சா ஆபீஸுக்கு வரணுமா, வீட்டுலேருந்தே பாக்கலாமான்னு முதல்லயே கேட்டு வச்சுக்க. அவர அனுப்பின மெட்ஸ் சாதிச்சது என்னன்னும் கேளு. 77 ஜெயிப்பு, 85 தோப்பு.

ஒரு கோச்சு போதாது, கூட ஏழு பேரச் சேத்தா நல்லதுன்னு நினைச்ச முதலாளியும் இருந்தாரு. சிகாகோ கப்ஸ் வச்சிருந்த பிலிப் ரிக்லி, சுவிங்கம் விக்கிற ரிக்லிதான். 1961-ல மேனேஜரே வேண்டாம், கோச்சுமாரு முறை வச்சு மாறி மாறி நடத்தட்டும்னுட்டாரு. 'கோச்சுமாரு கல்லூரி'ன்னு அதுக்குப் பேரு. இந்த மாசத்துக்காரன் காலத் தள்ளி வைன்னுவான், அடுத்த மாசத்துக்காரன் ஒடுக்கி வைன்னுவான். 1961-ல 90 தோல்வி, 1962-ல 103. அந்த வருஷந்தான் புதுசாப் பிறந்த ஹூஸ்டன் டீமுகூட இவங்களுக்கு மேல நின்னுது. ஆனா அந்த ரெண்டு வருஷமும் நேஷனல் லீக்ல சிறந்த புதுமுகம்னு பரிசு வாங்கினது கப்ஸ் பயலுவதான். பில்லி வில்லியம்ஸ் ஒருத்தன், கென் ஹப்ஸ் ஒருத்தன். எட்டுப் பேரு எட்டுத் திக்குல இழுத்தும் கெடாம வளர்ந்தான்னா கோச்சால கெடுக்கிறதும் அம்புட்டு லேசில்லன்னு ஆகுது. அந்தக் கல்லூரியில உருப்படியா நடந்த ஒரே காரியம், 1962-ல பக் ஓநீலக் கோச்சா எடுத்தது. மேஜர் லீக்ல முதல் கறுப்பினக் கோச்சு அவர்தான். அவர் முறைக்கு மட்டும் டீம நடத்தவே விடல.

'அப்ப எதுக்கு மாமா கோச்சு'ன்னு கேக்கப் போற. கேளு, அதுக்குத்தான் ராய் ஹாலடே கதைய எடுத்து வச்சிருக்கேன். டொரான்டோ ப்ளூ ஜேஸ் பிட்சர். 1998-ல தன்னோட ரெண்டாவது ஆட்டத்துலயே ஹிட்டே குடுக்காம ஒன்பதாவது இன்னிங்ஸ்ல ரெண்டு அவுட் வரைக்கும் போனான். அடுத்த பேட்டர் ஹோம் ரன் அடிச்சதோட போச்சு. அப்பேர்ப்பட்ட பய 2000-ல எறிஞ்ச எறிக்கு ஈஆர்ஏ 10.64. நான் புல்பென்ல இறங்கி எறிஞ்சிருந்தாலும் அதச் சமாளிச்சிருப்பேன். 2001-ல அவனக் கீழ, கீழ, ஃபுளோரிடா டனீடன்ல இருக்கிற சிங்கிள்-ஏ டீமுக்குத் தள்ளிட்டாங்க.

அங்க வந்தாரு மேல் குவீன்னு பழைய கோச்சு. வஞ்சனை இல்லாமத் திட்டினாரு. திட்டிட்டுச் சும்மா இருக்கல. பய கையத் தலைக்கு மேல கொண்டு போய் நேரா இறக்குவான். பந்து வேகமா வரும், ஒரு சுளிப்பும் இருக்காது, பேட்டருக்குக் கல்யாணச் சாப்பாடு. குவீன் கையக் கீழ இறக்கி முக்கால் உயரத்துல பக்கவாட்டா வரச் சொன்னாரு. பிடிய மாத்திக் குடுத்தாரு. ஒரு பந்து கடைசி நேரத்துல தாழ விழுந்துச்சு, இன்னொண்ணு சட்டுனு ஒதுங்கிச்சு. பய அந்த வருஷமே மேல ஏறி வந்தான். 2003-ல 22 ஆட்டம் ஜெயிச்சு, சிறந்த பிட்சருக்குக் குடுக்கிற சை யங் விருது. 2010-ல ஒரு பேட்டரையும் பேஸ்ல ஏற விடாமப் பெர்ஃபெக்ட் கேம், அந்த வருஷமே ரெண்டாவது சை யங். செத்தப்பொறவு 2019-ல ஹால் ஆஃப் ஃபேம்.

இதுல குவீனுக்கு எவ்வளவு, ஹாலடேக்கு எவ்வளவுன்னு பங்கு பிரிச்சுக்கிட்டிருக்கும்போது மூணாவதா ஒரு ஆளு வரும். அவன் பொண்டாட்டி. பய மனசொடிஞ்சு கிடந்தப்ப அவ புத்தகக் கடைக்குப் போயி, ஹார்வி டார்ஃப்மேன் பிட்சர்களோட மனசப் பத்தி எழுதின புத்தகத்த வாங்கிட்டு வந்து குடுத்தா. அத அவன் சீசன் பூராத் திருப்பித் திருப்பி வாசிச்சான், பொறவு டார்ஃப்மேன்ட்டயே போய் யோசனை கேட்டான். அந்தப் புள்ளைக்கு எந்த டீமும் கோச்சுச் சம்பளம் குடுக்கல.

கவனிச்சுப் பாத்தியா, ஹாலடே சொன்னதக் கேட்டது இறக்கி விட்டப்பொறவுதான். ஹோசே பௌடிஸ்டாவும் அப்படித்தான். 2004-ல ஒரே வருஷத்துல நாலு மேஜர் லீக் டீமுக்கு ஆடினவன், அதாவது நாலு வீட்டுலயும் வேண்டாம்னவன். சீசனுக்கு 16 ஹோம் ரன்னத் தாண்டினதில்ல. டொரான்டோவுல மேனேஜர் சிட்டோ காஸ்டனும் கோச்சு டுவெய்ன் மர்ஃபியும் 'மட்டைய இன்னும் சீக்கிரமாக் கிளப்பு'ன்னாங்க. 2010-ல 54 ஹோம் ரன். ஜே.டி. மார்டினெஸ இன்னும் நல்லாச் சொல்லலாம். டீம்ல சம்பளம் வாங்குற கோச்சுமார விட்டுட்டு, வெளிய இருந்த கிரெய்க் வாலன்பிராக்கிட்டயும், நான் முதல்ல சொன்ன அந்த வான் ஸ்காயக்கிட்டயும் போய் வீச்சையே மாத்திக்கிட்டு வந்தான். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2014 மார்ச்சுல அவனத் துரத்தி விட்டுச்சு. அந்த வருஷமே டெட்ராய்ட்ல .315, 23 ஹோம் ரன். 2018-ல பாஸ்டனுக்கு 43. துரத்தின டீம்லயும் கோச்சு இருந்தான், மாப்ளே. பய மாத்திக்கிட்டு வந்தத உக்காந்து பாக்கல, அவ்வளவுதான்.

அதனால மாமன் சொல்லுதேன், 200 கோடி ஒப்பந்தக்காரன் பக்கம் போகாத. அவன் உனக்குப் பாடம் சொல்லுவான். மூணு டீம் துரத்தினவன், பெட்டிய இன்னும் பிரிக்காதவன், அவனாத் தேடிப் போ. அவனுக்குத்தான் காது திறந்திருக்கும்.

காது திறந்திருந்தாலும் அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. நம்ம நாட்டு ரிங்கு சிங், தினேஷ் படேல், ரெண்டு பேரும் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியுற பயலுவ. 2008-ல போட்டி வச்சுப் பிடிச்சுட்டுப் போய் பிட்ச்சிங் கோச்சு டாம் ஹவுஸ்ட்ட விட்டாங்க. பேஸ்பாலக் கண்ணாலயே பாக்காதவங்கள ஒரு வருஷத்துக்குள்ள பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் போடுற அளவுக்குக் கொண்டு வந்தாரு மனுசன். 'மில்லியன் டாலர் ஆர்ம்'னு படமே வந்துச்சு, நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்தான் மியூசிக். ரெண்டு பேரும் மைனர் லீக்லயே நின்னுட்டாங்க. ரிங்கு பொறவு மல்யுத்தத்துக்குப் போயிட்டான்.

சரி, ஆர்டர் வந்தா எந்த டீமுன்னு முதல்ல எனக்குச் சொல்லு. போன வருஷம் 100 ஆட்டம் தோத்த டீமுன்னா கண்ண மூடிக்கிட்டுச் சேரு. முதல் வருஷம் டீம் ஏறினா ஒரு வார்த்தையும் பேசாதே, நிருபர்மாரே உன் பேர எழுதிக்கிடுவாங்க. ஒப்பந்தத்துல ஒண்ணு மட்டும் வாசிச்சுப் பாரு: நடுச் சீசன்ல அனுப்பினாலும் மிச்சச் சம்பளம் உண்டான்னு. இல்லன்னா கையெழுத்துப் போடாத.